கடலில் குளித்த அடையாள அட்டை

கழுதை கத்தியதற்கு இரண்டு கைகளையும் உயர்த்திச் சரணடைந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கலியாணம் முடித்துப் பேசாலைக்கு முதன்முதலாகப் போன அன்று நடந்தது அது. பெண்வீட்டுப் படலையைத் திறக்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று பயங்கரமாகக் கத்தியது. திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைக் கீழே போட்டேன், கைகளைத் தூக்கினேன், "சேர், ஐசி இருக்கு சேர்" என்றேன். தேசிய அடையாள அட்டைக்கு எங்கள் வாயில் ஐசி என்று பெயர். மன்னார்த் தீவில் கழுதைகள் தெருநாய்களைப் போலத் திரியும் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பெண்வீட்டார் முழுப்பேரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர், கத்தியைக் கழுவினார். கையைக் கழுவினார். கையைச் சேலைத் தலைப்பில் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு எழுந்து, ஒரு தேர் வருவதைப்போல வந்து, என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அதுவரைக்கும் நான் கைகளைத் தூக்கியபடியேதான் நின்றேன்.

"ஆறுதலா வாங்கோ தம்பி. கழுதை ஐசி கேக்காது."

அவர் என் மனைவியின் மூத்த அக்கா. எனக்கு மச்சாள். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். "ஆறுதலா யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றார். கேட்டு மூன்று வருடமாகிறது.

எங்கள் பக்கத்தில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று பொருள். மற்றவர்கள் அந்தச் சொல்லை வாயால் சொல்வார்கள். மச்சாள் அதைக் கையிலும் காலிலும் வைத்திருந்தார். காலையில் மன்னாருக்குப் போகும் பஸ் அவர் வீட்டுச் சந்தியில் வந்து நிற்கும். கொண்டக்டர் மணியை அடித்து அடித்துக் கூப்பிடுவான். மச்சாள் படலையைக் கொழுவி, கொழுவியது சரியா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்து, பிறகுதான் நடக்கத் தொடங்குவார். அவருக்கு முன்னால் ஓடிப்போய் ஏறி, சீற்றிலிருந்து வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருப்பவன் நான்தான். எனக்கு மன்னாரில் எந்த வேலையும் இருக்காது.

கோயிலுக்கும் அப்படித்தான். அவர் உள்ளே நுழைந்தால் சுவாமியார் பிரசங்கத்தின் நடுவில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை உயிர்த்த ஞாயிறு பூசைக்கே பிந்தினார். வாசலில் வைத்துச் சுவாமியார் கேட்டுவிட்டார். மச்சாள் அமைதியாகச் சொன்னார்:

"ஆண்டவர் கல்லறைக்குள்ள மூண்டு நாள் பொறுத்தவர் சுவாமி. நீங்கள் எனக்கு ஒரு பத்து நிமிசம் பொறுக்கமாட்டியளோ?"

செல், அதாவது எறிகணை, விழுந்த ஒரு மத்தியானத்தையும் சொல்லவேண்டும். முதல் சத்தத்திலேயே நான் பதுங்குகுழிக்குள் இருந்தேன். எனக்குப் பிறகுதான் என் மனைவி வந்தாள், அவளுக்குப் பிறகு பிள்ளை வந்தது. இந்த ஒழுங்கு வரிசையை என் மனைவி இன்றுவரை சபையில் சொல்லிக்காட்டுவாள். எல்லோரும் வந்தபிறகும் மச்சாளைக் காணவில்லை. இரண்டாவது செல்லும் விழுந்தது. அவர் அடுப்பை அணைத்து, கறிச்சட்டியை மூடி, மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்னத்துக்கு மச்சாள் குழவி?"

"நாய் கறியைத் திண்டிட்டா, செல் ஓய்ஞ்ச பிறகு என்னத்தைச் சாப்பிடுறது?"

இப்படியான ஒருவரை இரத்தம் குளிர்ந்த பிறவி என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அதற்கு ஒரு காரணமும் எனக்குக் கிடைத்திருந்தது. என் கலியாணத்துக்கு முன், இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவருடைய கணவரை, அதாவது என் சகலனைக் கொண்டுபோய்விட்டார்கள். மற்றப் பெண்கள் முகாம் வாசலில் விழுந்து அழுதார்களாம். மச்சாள் ஒரு பையில் நூலும் வலை ஊசியும் கொண்டுபோய், வாசலுக்கு எதிரேயிருந்த பனையடியில் குந்தி, வலை பின்னத் தொடங்கினாராம். காலையில் வருவார், இருட்டமுன் போவார். கலைத்தால் பத்தடி தள்ளி இருப்பார். அப்போது அவருக்குத் தெரிந்த சிங்களம் இரண்டு சொல்: "டிக்கக் இன்ன." கொஞ்சம் பொறுங்கள். அதை அவர்கள் இவருக்குச் சொல்லவேண்டும். இவர் அவர்களுக்குச் சொன்னாராம். ஒன்பது நாள். பத்தாம் நாள் சகலன் வெளியே வந்தார். அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. ஒரு கை தோளுக்குமேல் எழும்பாது. கரையிலிருந்து கருவாடு காயவைப்பதும், பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும்தான் அவர் தொழில். ஊரில் இதை ஒரு வீரக்கதையாகச் சொல்வார்கள். ஒன்பது நாளும் அவள் கண் கலங்கேல்லை, கை நிக்கேல்லை என்பார்கள்.

எனக்கோ ஒன்பது நிமிடம் தாங்காது. என்னுடைய பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நாங்கள் மலையிலிருந்து வந்தவர்கள். அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு முருங்கன் பக்கம் வயல் கூலிக்கு வந்தவர். இந்த நாட்டில் பிறந்தவர்தான், ஆனால் இந்த நாட்டுக்காரர் என்று ஒரு துண்டுக் கடதாசி வாங்க அவருக்கு அரை வாழ்க்கை போனது. கந்தோர் கந்தோராக அலைந்தார். அவர் கையில் பிரசாவுரிமைப் பத்திரம் வந்தபோது தலை நரைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் ஐசி எடுத்தவன் நான். அது வந்த அன்று அம்மா அதை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். "இதத் தொலச்சீனா நம்மள மறுபடியும் யாருன்னு கேப்பானுங்கடா" என்றார். அன்றுமுதல் அதை நான் பிரிந்ததில்லை. படுக்கும்போது தலையணைக்குள். குளிக்கும்போது சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள் மச்சாளின் நாள். அன்றைக்குச் சண்டை நடந்தாலென்ன, சாமான் விலை ஏறினாலென்ன, குடும்பத்தை ஒரு ட்ராக்டர் பெட்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த சனம் உல்லாசப் பயணம் போவதும் கடற்கரைக்குத்தான். இதில் என்ன மாற்றம் என்று நான் கேட்டேன். "மற்ற நாள் கடலுக்கு வேலைக்குப் போறம். இண்டைக்கு அதைப் பாக்கப் போறம்" என்றார்.

அந்த வருடம் நான் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக். மூன்று நாள் லீவில் வந்திருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரும்பவேண்டும். பஸ் வழியில் எத்தனை சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றுவார்கள் என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. எத்தனை இடமென்றாலும் கேள்வி ஒன்றுதான்: ஐசி.

பேசாலைக்கு மேற்கே, பனைகள் தண்ணீருக்குக் கிட்ட வந்து நிற்கும் ஓரிடம். அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம் நடந்தாலும் இடுப்புக்குமேல் ஏறாத கடல். ஐந்து மணிவரை நிற்கலாமென்று கடற்படைக் காவலரணில் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் ஆறு பேர்: மச்சாள், சகலன், நான், என் மனைவி, மனைவியின் தம்பி, அவன் பெண்சாதி. மற்றதெல்லாம் பிள்ளைகள். போய் இறங்கியவுடன் மச்சாள் ஒரு பிஸ்கட் தகரத்தை நீட்டினார்.

"எல்லாரும் ஐசியை இதுக்குள்ள போடுங்கோ. பேந்து தண்ணியில விட்டிட்டு அழக்கூடாது."

ஆறு ஐசியும் தகரத்துக்குள் போயின. தகரம் அரிசிப் பைக்கு அடியில் போனது.

பிள்ளைகள் பந்தடிக்க இரண்டு பனைக்கு நடுவில் ஒரு வலையைக் கட்டினார்கள். மச்சாள் வீட்டிலிருந்து வந்த வலை. அதைப்போன்ற ஒரு வலையை நான் பார்த்ததில்லை. ஒரு கண் ஐந்து ரூபாய்க் குத்திக் காசு அளவு. அடுத்த கண்ணில் பந்தே நுழைந்து போனது. இடையிடையே முடிச்சுக்குமேல் முடிச்சு விழுந்து, குருவிக்கூடு மாதிரிக் கட்டிகள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மீன் பிடிக்கிற ஊரில இப்படி ஒரு வலையா? எந்த மடையன் வெறியில இருந்து பின்னினவன் இதை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மைத்துனன் பந்தை எடுக்கப் போனான். சகலன் வெங்காயம் உரித்தார். மச்சாள் மட்டும், "நல்ல வலைதானே தம்பி, பந்து படுதே" என்றார். பகிடி எடுபடவில்லை என்று நான் தண்ணீரைப் பார்க்கப் போனேன்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் தகரத்தின் நினைவு வந்தது. அரிசிப் பைக்கு அடியில். யாராவது தூக்கினால்? கழுதை வந்து கவ்விக்கொண்டு போனால்? திடீரென்று ஓடவேண்டி வந்தால், எல்லோரும் ஒரு தகரத்தை நோக்கி ஓடுவதா? ஆறு ஐசியையும் ஒரே இடத்தில் வைப்பது எந்த ஊர்ப் புத்தி? ஒருவருக்கும் தெரியாமல் போய் என்னுடையதை மட்டும் எடுத்தேன். பொலித்தீன் பையில் சுற்றி, றப்பர் பாண்ட் போட்டு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடியில் செருகினேன். பாதுகாப்பு என்றால் இதுதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கடலில் இறங்கினேன்.

மலைநாட்டு இரத்தம் முழங்காலுக்குமேல் கடலை நம்பாது. என் மகள், அப்போது ஐந்து வயது, "அப்பா, இன்னும் வாங்கோ, இன்னும் வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு சின்ன அலை வந்தது. பேசாலைப் பிள்ளைகள் அதை அலையென்றே சொல்லமாட்டார்கள். நான் அதன்மேல் மல்லாந்தேன். எழும்பியபோது சாரம் என்னிடம் இல்லை. அது பத்தடி தள்ளி, என்னைவிட நன்றாக நீந்திக்கொண்டிருந்தது.

சாரத்தைப் பிடித்தாகிவிட்டது. மடியை உதறினேன். தண்ணீர் மட்டும் கொட்டியது.

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் தலைமன்னார்வரை கேட்டிருக்கும். "ஐசி! ஐசி!" என்று தண்ணீரைக் கையால் அடித்தேன், காலால் கிண்டினேன். மைத்துனன் குதித்து வந்தான். பிள்ளைகளும் இறங்கி எல்லாத் திசையிலும் கிண்டினார்கள். என் மனைவி கரையிலிருந்து, "தகரத்துக்குள்ள தானே வைச்சனீங்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் இன்னும் பலமாகத் தண்ணீரை அடித்தேன்.

"எல்லாரும் வெளிய வாங்கோ." மச்சாளின் குரல். உரத்த குரல்கூட இல்லை.

"மச்சாள், அது போகுது, ஓடிப்போகுது—"

"ஓடிறது நீங்கள்தான். ஐசி ஓடாது. தண்ணி வத்திக்கொண்டு போகுது. மூண்டு மூண்டரைக்கு இன்னும் வத்தும். நீங்கள் மிதிச்சு மிதிச்சு மணலுக்குள்ள தாட்டுப்போட்டா நான் என்னத்தைத் தேடுறது? வெளிய வாங்கோ. கூழ் குடிப்பம்."

மறுநாள் வாழ்க்கையே இருக்குமோ இல்லையோ என்று நிற்பவனுக்குக் கூழ்! அதுவும் காய்ந்த பனங்கிழங்கு மாவு போட்ட ஒடியல் கூழ். அதைக் காய்ச்சுவதில் மச்சாளை அவசரப்படுத்த ஆண்டவராலும் முடியாது. நண்டு அவியவேண்டும், பிறகு இறால், பிறகு மீன் தலை, பயற்றங்காய், மரவள்ளி. ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றுவது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் மூடியைத் திறந்து மணம் பார்த்தார். நான் ஒவ்வொரு முறையும் கடலைப் பார்த்தேன். பனையோலையைக் கோலிக் கட்டிய பிழாவில் ஊற்றித் தந்தார். சூட்டுக்கும் உறைப்புக்கும் கண்ணால் தண்ணீர் வந்தது. கூழால் வந்ததென்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நல்ல சனம்.

"அத்தான், உங்கட ஐசியை இந்நேரம் திருக்கை விழுங்கியிருக்கும்" என்றான் மைத்துனன். "இனிக் கொழும்புக்குத் திருக்கையைத்தான் அனுப்பவேணும்."

"சும்மா இரடா" என்றார் மச்சாள். பிறகு பாயை விரித்து, சரிந்து படுத்து, கண்ணை மூடினார். மூடியேவிட்டார்! நான் பாயைச் சுற்றி நடந்தேன். அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. மறுபடியும் யாருன்னு கேப்பானுங்கடா.

அதைக் கேட்க வந்தவர்கள்போல மூன்று கடற்படைக்காரர்கள் கரையோரமாக நடந்து வந்தார்கள்.

என் கைகள் தாமாக எழும்பின. மச்சாள் படுத்தபடியே என் சாரத்தைப் பிடித்து இழுத்து, "இறக்குங்கோ" என்றார். எழும்பினார். கொண்டையை முடிந்தார். தகரத்தைத் திறந்து நீட்டினார். முன்னால் வந்தவன் ஐசிகளைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். ஆறு பேர், ஐந்து ஐசி. விரல் என்னிடம் வந்து நின்றது. என் தோற்றமும் அப்படி: ஈரச் சாரம், சிவந்த கண். நான்கு நாடுகளில் தேடப்படுகிறவன் போலிருந்தேன்.

"எயாகே ஐசி முஹுதே" என்றார் மச்சாள். இவருடைய ஐசி கடலில். கடலைக் கையால் காட்டவும் செய்தார், பக்கத்து அறையில் இருக்கிறது என்பதைப்போல. பிறகு அந்த இரண்டு சொல்: "டிக்கக் இன்ன."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கையில் ஒரு பிழாக் கூழ் வந்துவிட்டது. மரியாதைக்கு ஒரு மிடறு குடித்தான். சொல்ல வந்தது இருமலாக வெளியே வந்தது. அந்த உறைப்பை நான் அறிவேன்.

மச்சாள் பனையிலிருந்து பந்தடிக்கிற வலையை அவிழ்த்தார். அது தண்ணீரில் தாழ்வதற்கு, அடி விளிம்பில் மணலைச் சின்னச் சின்னப் பொட்டணமாகப் பிள்ளைகளைக் கொண்டு கட்டுவித்தார். எனக்குக் கட்டளை: "நீங்கள் கரையில நில்லுங்கோ. இறங்கினா கலக்கிப்போடுவியள்." ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் தண்ணீருக்குள் நடந்தார். மற்றத் தலைப்பைப் பிடிக்க மைத்துனன் வந்தான். "நீ விடு" என்று சகலன் அதை வாங்கினார். நல்ல கையால் பிடித்து, கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். அவர் கடலில் கால் வைத்து எத்தனையோ வருடம். எல்லோரும் அவருடைய காலையே பார்த்தார்கள்.

முதல் இழுப்பில் சாதாழை என்கிற கடற்புல். கடற்படைக்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான். இரண்டாம் இழுப்பில் ஓர் ஒற்றைச் செருப்பு, ஒரு குட்டி நண்டு. "டிக்கக் இன்ன" என்றார் மச்சாள், தண்ணீருக்குள் நின்று, ஒரு படைக்கு. மூன்று துவக்குகளும் பனை நிழலில் குந்திப் பொறுத்திருந்தன.

மூன்றாம் இழுப்பு. வலையைக் கரையில் போட்டார்கள். அந்தக் குருவிக்கூட்டுக் கட்டிகளில் ஒன்றுக்குள் ஏதோ மினுங்கியது. பொலித்தீன். றப்பர் பாண்ட். பாய்ந்தேன், வலையில் கால் மாட்டி விழுந்தேன், விழுந்தபடியே அதை எடுத்து நீட்டினேன்.

தண்ணீர் உள்ளே போயிருந்தது. எழுத்துகள் இருந்தன. படத்தில் என் முகம் மட்டும் வெளிறியிருந்தது. கடற்படைக்காரன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் படத்தைப் பார்த்தான். அந்த நேரத்தில் நானும் அதே நிறத்தில்தான் இருந்திருக்கவேண்டும். தலையாட்டித் தந்துவிட்டு, இருமியபடியே போனான்.

திரும்பும்போது ட்ராக்டர் பெட்டியில் வலை என் காலடியில் கிடந்தது. ஐசியை இரண்டு கையாலும் பிடித்திருந்த எனக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"மச்சாள், காலமை சொன்னதை வாபஸ் வாங்குறன். ஒழுங்கான வலையெண்டா பை நழுவிப் போயிருக்கும். இதைப் பின்னின மடையனுக்கு நான் ஒரு கூழ் வாங்கிக் குடுக்கவேணும்."

சகலன் வலையின் ஒரு முனையைத் தூக்கி மடியில் போட்டார். "அவா பின்னினது" என்றார். "அந்த ஒன்பது நாளும்."

பெட்டி குலுங்கியது. நான் வலையைப் பார்த்தேன். பந்து நுழையும் கண். குத்திக் காசு நுழையாத கண். முடிச்சுக்குமேல் முடிச்சுக்குமேல் முடிச்சு. பத்து வயதில் வலை பின்னப் பழகிய கை அது. ஒரு முழத்தில்கூட அடுத்தடுத்த இரண்டு கண் ஒரே அளவில் இல்லை.

"கை நடுங்கிக்கொண்டே கிடந்தது தம்பி" என்றார் மச்சாள், வேறு யாருடையவோ கையைப்பற்றிச் சொல்வதுபோல. "சும்மா இருந்தா வாசலில நிக்கிறவைக்கு நடுங்கிறது தெரிஞ்சுபோகும். ஊசி பிடிச்ச கை ஆடினா ஒருத்தருக்கும் தெரியாது. வேலை செய்யுது எண்டு நினைப்பினம்."

என்னிடம் ஆயிரம் பகிடி இருந்திருக்கவேண்டிய நேரம். வலையின் மற்ற முனையைத் தூக்கி என் மடியில் போட்டேன்.

மறுநாள் காலை, நான் வழக்கம்போல அரைமணி நேரம் முன்னதாகச் சந்திக்கு ஓடிப்போய் நின்றேன். பஸ் வந்து, மணி அடித்து, கிளம்பப்போகும்போது மச்சாள் நடந்து வந்தார். யன்னலால் ஒரு சின்னப் பொட்டணத்தைத் தந்தார். ஒரு பந்து நூல். ஒரு வலை ஊசி. முடிச்சு எப்படிப் போடுவதென்று முதல் இரண்டு கண்ணைத் தானே பின்னி வைத்திருந்தார். அந்த இரண்டும் ஒரே அளவு.

மன்னார்ப் பாலத்தில் இறக்கினார்கள், ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் இறக்கினார்கள், ஏற்றினார்கள். ஒவ்வொரு வரிசையிலும் நான் முடிச்சுப் போட்டேன். வெளிறிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் என் கையைப் பார்க்கவில்லை. கொழும்பை நெருங்கும்போது பதினொரு கண் ஆகியிருந்தது. பக்கத்து சீற்றுக்காரர் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். ஒன்றில் அவருடைய கை முழுதும் போனது, அடுத்ததில் சுண்டுவிரல்கூடப் போகவில்லை.

"இது என்ன அண்ணை, இதால என்ன மீன் பிடிக்கிறது?"

"ஆறுதலாச் சொல்லுறன்" என்றேன். பன்னிரண்டாவது கண்ணைத் தொடங்கினேன்.